இடக்கைக்கு ஒரு ஹொக்கி மட்டை

ஹொக்கி மட்டையில் இடக்கைக்காரருக்கென்று ஒன்று கிடையாது. கிளிநொச்சியில் மட்டுமல்ல, உலகத்தின் எந்த மூலையிலும் கிடையாது, சட்டம் விடாது. இதை நான் பதினைந்து வயதில், வவுனியாவில் ஒரு மைதானத்தின் நடுவில், சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு பேர் சிரித்துக்கொண்டு நிற்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கும் அந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. வயது போனால் மனம் ஆறும் என்பார்கள். என் விஷயத்தில் அது சுத்தப் பொய்.

நான் பிறவி இடக்கைக்காரி. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு வந்தபோது எனக்கு ஐந்து வயது. சோற்றுக் கோப்பையில் இடக்கையை வைத்தால் அம்மா அகப்பைக் காம்பால் தட்டுவார். பள்ளிக்கூடத்தில் அதிபர்தான் எங்களுக்குக் கணக்கு. அவர் அடிமட்டத்தைத் தட்டையாக வைத்து அடிப்பதில்லை; விளிம்பை நிமிர்த்தி விரல் மொழியில், அந்த எலும்பு முட்டில், போடுவார். இரண்டு வருட அடியில் வலக்கையால் எழுதப் பழகினேன். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தது. அதற்கும் அடித்தார்.

வயலில் மட்டும் யாரும் என் கையைக் குறை சொன்னதில்லை. நெல் அறுவடையான அருவி வெட்டு நேரத்தில் ஒரு ஆள் குறைந்தாலும் நெல் கொட்டுண்டு போகும். அங்கே சாத்திரம் பார்க்க நேரமில்லை. கடையில் விற்கும் கதிரறுக்கும் தாக்கத்திக்குப் பல் ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கும், அது வலக்கைக்கு. அப்பா கொல்லரிடம் சொல்லி எனக்கென்று மற்றப் பக்கம் பல் வெட்டுவித்தார். கொல்லருக்குப் பக்கத்துக் கொட்டிலில் வண்டில் செய்யும் ஓடாவியார் அதற்கு ஒரு பிடி சீவிப் போட்டார். வெட்டும்போது அடுத்தவரின் முழங்கையோடு என் முழங்கை இடிபடும் என்பதால் வரிசையின் இடது கோடியில் என்னை விடுவார்கள். அது என்னுடைய இடம். எங்கள் பக்கத்தில் இடக்கைக்காரர் எல்லோருக்கும் அப்படித்தான் ஆயுதம் செய்தார்கள், அப்படித்தான் இடம் கொடுத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் ஓடாவியார் பிறகு செய்த காரியம் விளங்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு புது ரீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்தவர், அங்கே ஹொக்கி விளையாடியவர். வந்த கையோடு எங்கெங்கோ கடிதம் எழுதி, ஒரு பலகைப் பெட்டி நிறைய மட்டைகள் எடுப்பித்துவிட்டார். பெட்டியை உடைத்த நாளில் முழுப் பள்ளிக்கூடமும் கூடியது. ஒன்றுக்கொன்று பொருந்தாத சாமான்கள். சில, வெள்ளைக்காரர் காலத்தில் யாரோ விளையாடிவிட்டுப் போட்டவை. வளைவின் நுனியான மூக்கு நாரை அலகு போல நீண்டு கிடந்தது, அவற்றில் இரண்டைக் கறையான் தின்றிருந்தது. மிச்சம் பஞ்சாப் பக்கத்தில் செய்த புதிய மாதிரி, மூக்குக் கட்டையானது. வளைவு முசுக்கட்டை மரம். பிடி பிரம்பு, பிரம்பைக் கீறி, இடையில் றப்பர் வைத்து ஒட்டி, நூலால் இறுக்கிச் சுற்றியிருந்தது. அடிக்கும்போது கை அதிராமல் இருக்கத்தான் அந்தப் பிரம்பும் றப்பரும் என்று ரீச்சர் சொன்னார். முப்பத்தாறு அங்குலம், முப்பத்தைந்து, முப்பத்துநான்கு என்று உயரம் பார்த்துப் பிரித்தார். நேரே நிறுத்தினால் பிடியின் நுனி இடுப்பெலும்பைத் தொடவேண்டும். எனக்கு முப்பத்தைந்து வந்தது.

வாங்கிய நாளே எனக்கும் ரீச்சருக்கும் சண்டை. மட்டையை முன்னால் நீட்டிப் பிடித்துப் பாருங்கள்: வளைவின் இடப்பக்கம் தட்டை, வலப்பக்கம் உருண்டை. பந்தைத் தட்டைப் பக்கத்தால் மட்டும்தான் தொடலாம். உருண்டைப் பக்கத்தை முதுகு என்போம். முதுகு பட்டால் பிழை. எல்லாப் பிள்ளைகளும் இடக்கை மேலும் வலக்கை கீழுமாகப் பிடித்து, வலப்பக்கம் கிடக்கும் பந்தைத் தட்டையால் அடித்தார்கள். நான் மண்வெட்டி பிடிப்பதுபோல இடக்கையைக் கீழே வைத்தேன். அப்படிப் பிடித்தால் பந்து என் இடப்பக்கம் வரும். தட்டைப் பக்கம் அதற்குக் கிடைக்க வேண்டுமென்றால் மட்டையைப் புரட்டி, மூக்கைக் கீழே பார்க்க வைக்கவேண்டும். இருக்கிற பரப்பு மூன்று விரல் அகலம். பந்து பத்துத் தரத்தில் ஐந்து தரம்தான் படும்.

"வலக்கையைக் கீழை விடு" என்று ரீச்சர் ஒவ்வொரு நாளும் சொன்னார். ஏலாது என்றேன். சாப்பிட வலக்கை, எழுத வலக்கை, இப்போது விளையாடவும் வலக்கையா? கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்தாயிற்று, இதைக் கொடுக்கமாட்டேன் என்று நின்றேன். அவர் என்னை அணியிலிருந்து தூக்கியிருப்பார். ஆனால் ஓட்டத்தில் என்னை அடிக்க அங்கே ஆளில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இடது ஓரத்தில் விட்டார்.

முதல் வெளியூர் ஆட்டம் வவுனியாவில் என்று முடிவானது. அதற்கு ஒரு கிழமை இருக்கும்போது, மூக்கைக் கீழே குத்தி நான் ஓங்கிய அடியில் மட்டை நிலத்தில் கொத்தி, முசுக்கட்டை நெடுக்காகப் பிளந்தது. ரீச்சர் இரண்டு துண்டையும் எடுத்து என் கையில் தந்தார். வேறு மட்டை இல்லை என்றார். சனிக்கிழமைக்கு முன் ஒரு மட்டை கொண்டுவந்தால் வரலாம், இல்லாவிட்டால் பத்துப் பேரோடு போகிறேன் என்றார். என் பிடிவாதத்தின் விலை இதுதான் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வசனம் இல்லாவிட்டால் நான் வீட்டில் இருந்திருப்பேன். அதைக் கேட்ட பிறகு போகாமல் விடுவதா?

அப்பா பிளந்த துண்டுகளை ஓடாவியாரிடம் கொண்டுபோனார். கலப்பைக்கென்று ஓடாவியார் ஒரு விண்ணாங்குக் கொம்பைக் காயவைத்திருந்தார். பிறவியிலேயே வளைந்த கொம்பு. கோடரிப் பிடிக்கும் மண்வெட்டிப் பிடிக்கும் எங்கள் பக்கத்தில் விண்ணாங்குதான், வளையும், முறியாது. மட்டை யாருக்கு என்று மட்டும் கேட்டாராம். மகளுக்கு என்றாராம் அப்பா.

சனிக்கிழமை விடிய, பஸ் வெளிக்கிடும் நேரத்தில் அப்பா சைக்கிளில் வந்து மட்டையைத் தந்தார். ஒரே மரத்தில் செய்த மட்டை, ஒட்டுப் பொருத்து ஒன்றுமில்லை. பிடியில் சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றியிருந்தது. பிரம்புப் பிடி மட்டையைவிடப் பாரம். கையில் எடுத்து இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தேன். தட்டைப் பக்கம் நேரே முன்னால் வந்து நின்றது. புரட்டத் தேவையில்லை. ஓடாவியார் பிளந்த துண்டைப் பார்த்து, பிறகு என் கையை நினைத்து, தாக்கத்திக்குப் பல் மாற்றியதுபோல முழு மட்டையையும் மாற்றிச் செதுக்கியிருந்தார். தட்டை வலப்பக்கம், முதுகு இடப்பக்கம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விளையாட்டென்று ஒன்றில் என் கைக்கென்று செய்த சாமானை நான் அதுவரை தொட்டதில்லை.

முறிகண்டியில் பஸ் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு ஏறியதும் ரீச்சர் மட்டைகளைச் சோதித்தார். இரண்டு அங்குல வளையம் ஒன்றுக்குள்ளால் முழு மட்டையும் நுழைந்து வரவேண்டும், அதுதான் பருமனுக்குச் சட்டம். எங்களிடம் வளையம் இல்லை. எங்களில் சின்னவளின் கண்ணாடிக் காப்பு உட்புறம் சரியாக இரண்டு அங்குலம் இருந்தது; அதுதான் எங்கள் வளையம். விண்ணாங்கு மட்டை காப்புக்குள்ளால் வழுக்கிக்கொண்டு போனது. ரீச்சர் தலையாட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார். தட்டை எந்தப் பக்கம் என்று அவர் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறைத்தாய் என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அது குற்றமென்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. கடையில் விற்பது வலக்கைக்கு, கேட்டுச் செய்விப்பது இடக்கைக்கு. நான் அறிந்த உலகம் அவ்வளவுதான்.

வவுனியாவில் நடுவர் ஒரு அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தர், மடிப்புக் கலையாத வெள்ளைக் காற்சட்டைக்காரர். அவரிடம் மெய்யான பித்தளை வளையம் இருந்தது. என் மட்டை அதற்குள்ளாலும் போனது. திருப்பித் தரப் போனவர் நிறுத்தி, வளைவைத் தடவிப் பார்த்தார்.

"இந்த மட்டையோடை இறங்க ஏலாது. தட்டை இடப்பக்கம் இருக்கவேணும். இது மாறிக் கிடக்கு."

"என்ர கையும் மாறித்தான் கிடக்கு, சேர்" என்றேன்.

வவுனியாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் அணியிலும் இரண்டு பேர் சிரித்தார்கள், அவர்களை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ரீச்சரின் முகம் கறுத்தது. கையிலிருந்த சட்டப் புத்தகத்தைப் புரட்டி, அந்த இடத்தை வாசித்து, மூடினார். எல்லா மட்டையும் ஒரே பக்கம் தட்டையாக இருந்தால்தான் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் மோதாமல் விளையாடலாம் என்று நடுவர் விளக்கம் சொன்னார். நியாயம்தான். அருவி வெட்டிலும் மோதும். அங்கே எனக்கு ஒரு கோடியில் இடம் கொடுத்தார்கள், கையை மாற்றச் சொல்லவில்லை.

நான் வெளியே போக மறுத்தேன். வேறு மட்டை தாருங்கள் என்று நின்றேன். கடைசியில் அவர்களுடைய அணித்தலைவி தங்கள் பெட்டியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். கீழ்வகுப்புச் சிறுமிகளுக்கென்று வைத்திருந்த முப்பத்திரண்டு அங்குல மட்டை. எண்ணெய் பூசிப் பளபளவென்று, அகப்பை போலப் பாரமில்லாமல் இருந்தது. இடுப்பெலும்பு எங்கே, அது எங்கே. அவள் பகிடிக்குத்தான் தந்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

முதல் பாதியில் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வழக்கம்போல இடக்கையைக் கீழே வைத்து, குள்ள மட்டைக்காக முதுகு வளைந்து, நாற்று நடுகிறவளைப் போலக் குனிந்தபடியே ஓடினேன். பந்து என்னைத் தாண்டித் தாண்டிப் போனது. வெளியே நின்றவர்கள் நான் குனியும்போதெல்லாம் சிரித்தார்கள். இரண்டு கோல் வாங்கினோம்.

இடைவேளையில் பந்தைத் திரும்பவும் சுண்ணாம்பில் தோய்த்தார்கள். வெள்ளைப் பெயின்ற் இல்லாததால் அன்றைக்குக் கோடு கீறியதும் சுண்ணாம்பு, பந்துக்குப் பூசியதும் சுண்ணாம்பு. நான் தண்ணீரும் குடிக்காமல் மைதானத்தின் ஓரத்தில் நின்றேன். வயிறெல்லாம் கோபம். அந்தக் கோபத்தில், மாடு சாய்க்கும் தடியைப் பிடிப்பதுபோல மட்டையை இடக்கையால் மட்டும் பிடியின் நுனியில் பிடித்துக்கொண்டு, ஒரு கல்லைத் தட்டியபடி நடந்தேன். நாலைந்து அடி போன பிறகுதான் கவனித்தேன், கல் மட்டையை விட்டுப் போகவில்லை. மணிக்கட்டை ஒரு பக்கம் திருப்பினால் தட்டை வலப்பக்கம் கல்லை மறித்தது. மற்றப் பக்கம் திருப்பினால் மூக்குக் கவிழ்ந்து இடப்பக்கம் மறித்தது. மட்டையைத் திருப்புவது மேலே இருக்கும் கை. கீழே இருக்கும் கை தள்ளத்தான் உதவும். அப்படியென்றால் இந்த விளையாட்டில் முதலாளி இடக்கை, வலக்கை வெறும் கூலி. இதை ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை?

இரண்டாம் பாதியில் நான் வலக்கையைச் சேர்க்கவேயில்லை. முப்பத்தைந்து அங்குல மட்டையை அப்படி ஒற்றைக் கையால் தூக்கி ஓட ஏலாது, கை முறிந்துவிடும். பகிடிக்குத் தந்த குழந்தை மட்டை என் மணிக்கட்டில் சுழன்றது. நிமிர்ந்து, கையை முழு நீளத்துக்கு எட்டி ஓடினேன். அணித்தலைவி ஒருமுறை மறிக்க வந்தாள், நான் அவளைச் சுற்றிக்கொண்டு போனேன். பிறகு அவளுடைய சிரிப்பைக் காணவில்லை.

அதற்கிடையில் அவர்கள் மூன்றாவது கோலையும் போட்டுவிட்டார்கள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும். வலப்பக்கத்திலிருந்து எங்கள் பிள்ளை அடித்த பந்து அரைவட்டத்துக்குள் குறுக்கே உருண்டு, என்னைக் கடந்து இடப்பக்கம் போகப் பார்த்தது. மற்றவர்களென்றால் சுற்றி ஓடி அதற்கு அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். நான் மணிக்கட்டைக் கவிழ்த்து, மூக்கு நிலத்தைப் பார்க்க, இடக்கையால் ஒரு சாத்துச் சாத்தினேன். கோல் காக்கிறவள் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பந்து பின்பலகையில் அடிக்கும் சத்தம் கேட்டது.

விசில் ஊதியது. முதுகால் அடித்தது, கோல் இல்லை என்றார் நடுவர்.

இடக்கை என்றால் களவுதான் என்று அவர் காலையிலேயே முடிவு செய்துவிட்டார் போலும். ரீச்சர் கோட்டுக்கு வெளியே நின்று, என்னைத் திரும்பி வரும்படி கை காட்டினார். நான் நடுவரிடம் நடந்தேன். மட்டையைத் தலைகீழாகப் பிடித்து அவருடைய மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"முதுகைத் தடவிப் பாருங்கோ, சேர்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு மட்டையைப் பார்த்தார். பெருவிரலால் உருண்டைப் பக்கத்தை மேலிருந்து கீழே தடவினார். விரலில் எண்ணெய்ப் பிசுக்குத்தான் இருந்தது, ஒரு பொட்டுச் சுண்ணாம்பும் இல்லை. மட்டையைத் திருப்பினேன். தட்டைப் பக்கத்தில், மூக்கு நுனிக்குக் கிட்ட, அப்போதுதான் பதிந்த வெள்ளை வட்டம். அவர் அந்த விரலைத் தன் வெள்ளைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, மைதானத்தின் நடுப்புள்ளியைக் காட்டினார். கோல்.

ஆட்டத்தில் தோற்றோம், மூன்றுக்கு ஒன்று. அதை மறைக்கவேண்டிய தேவை எனக்கில்லை.

திரும்பும்போது ரீச்சர் என் பக்கத்தில் வந்து இருந்தார். நல்ல பேச்சு வாங்கப்போகிறேன் என்று நினைத்தேன். முதல் நாளே இப்படிப் பிடித்திருந்தால் மட்டையும் முறிந்திருக்காது, மானமும் போயிருக்காது, நான் எத்தனை நாள் சொன்னேன் என்று கேட்டார்.

"நீங்கள் வலக்கையைக் கீழை விடச் சொன்னனீங்கள், ரீச்சர். எல்லாரும் வலக்கைக்குத்தான் சொல்லினம். என்ர இடக்கைக்கு இதைச் செய் எண்டு ஒருத்தரும் ஒருநாளும் சொல்லேல்லை."

புளியங்குளம் கடந்து கனகராயன்குளமும் போனது. நான் விண்ணாங்கு மட்டையை மடியில் வைத்துக்கொண்டு காட்டைப் பார்த்தபடி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓடாவியாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சட்டம் இது என்று கேட்டதும் உளியைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தச் சட்டம் எழுதின ஆக்களின்ர ஊரில ஒருத்தருக்கும் இடக்கை இல்லையோ?"

மட்டையைத் தா, மற்றப் பக்கத்தையும் சீவித் தட்டையாக்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் மாமா, கிடக்கட்டும் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சீவ விட்டிருந்தால் எனக்கென்று செய்த ஒன்றும் இல்லாமல் போயிருக்கும். அம்மா பிறகு பல வருடங்கள் அதால்தான் வேலிக்குள் நுழையும் மாடுகளைக் கலைத்தார். அவருக்குத் தட்டை எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை.

திங்கட்கிழமை காலை, தேவாரம் முடிந்ததும், வெளியூர் ஆட்டத்தின் முடிவை மண்டபத்துக் கரும்பலகையில் எழுதுவது எங்கள் பள்ளிக்கூட வழக்கம். எங்கள் அணித்தலைவிதான் எழுதவேண்டும். ரீச்சர் அவளைக் கடந்து வந்து, கோல் போட்டவள் எழுதட்டும் என்று என்னைக் கூப்பிட்டார். முழுப் பள்ளிக்கூடமும் வரிசையில் நின்றது. அதிபர் அடிமட்டத்தைக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றார். நான் சோக்குக் கட்டிக்கு வலக்கையை நீட்டினேன். அடி அப்படிப் பழக்கியிருந்தது.

ரீச்சர் சோக்கைத் தரவில்லை. என் வலக்கையைத் தாண்டி, இடக்கையை எடுத்து விரித்து, அதில் வைத்தார்.

"இந்தக் கையால எழுது" என்றார். அதிபருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

எட்டு வருடம் எழுதாத கை. திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தேன். பின்னால் அதிபரின் சப்பாத்துச் சத்தம் கிட்ட வந்தது, பிறகு நின்றது. விரல் மொழிகள் தாமாகவே கூசின. நான் கையை இழுக்கவில்லை. கோணலாகத்தான் வந்தது, ஆனாலும் எழுதினேன்: வவுனியா மூன்று, நாங்கள் ஒன்று. அந்த ஒன்றை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதினேன்.